சஃபா, மர்வா தரும் அளவுகோல்: இந்து, இஸ்லாமியப் பொதுக் குறியீடுகளை வாசிக்கும் முறை

இரு சமயங்களில் ஒரே வடிவம் காணப்படும்போது அதனை எவ்வாறு வாசிப்பது? பிறைமதி சிவபெருமானின் சடையிலும் இருக்கிறது. பள்ளிவாசல் மினாராவின் உச்சியிலும் இருக்கிறது. கோயிலை வலம் வருகின்றனர். கஅபாவையும் சுற்றி வருகின்றனர். விளக்கு ஆழ்வாரின் பாசுரத்தில் ஒளிர்கிறது. திருக்குர்ஆனின் வசனத்திலும் ஒளிர்கிறது. கோயில் திருவிழாவும் கொடியேற்றத்தில் தொடங்குகிறது. நாகூர்க் கந்தூரியும் கொடியேற்றத்தில் தொடங்குகிறது. இத்தகைய ஒற்றுமைகளைத் தொகுத்துக் காட்டும் கட்டுரைகளும் சிறுநூல்களும் தமிழில் நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் நோக்கம் நல்லிணக்கம். அந்நோக்கத்தில் நமக்கு மாறுபாடு இல்லை. அவை கையாளும் வாசிப்பு முறையையே இங்கு ஆராய விரும்புகிறோம்.

இந்தப் பட்டியலிலிருந்து மூன்று தரப்பினர் மூன்று முடிவுகளை எடுக்கின்றனர். குறியீடுகள் ஒன்றாக இருப்பதால் சமயங்களும் ஒன்றே. வேறுபாடு வெறும் உமி என்பது முதல் தரப்பு. குறியீடுகள் ஒன்றாக இருப்பதால் ஒருவரிடமிருந்து மற்றவர் எடுத்துக்கொண்டார். எனவே கஅபாவே முன்பு ஒரு கோயில்தான் என்பது இரண்டாவது தரப்பு. பிஸ்மில்லாஹ்வின் எழுத்துகளுக்குரிய எண்மதிப்பைக் கூட்டிப் பெற்ற 786 என்னும் எண்ணைத் திருப்பிப் போட்டு அதில் ஓங்காரத்தைக் காண்பவர்களும் இவர்களே. அவ்வெண்ணைத் திருக்குர்ஆனோ நபிமொழியோ ஒரு சின்னமாகத் தரவில்லை என்பதை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. குறியீடுகள் ஒன்றாக இருப்பதால் இவை அந்நியக் கலப்பு. எனவே களையப்பட வேண்டும் என்பது மூன்றாவது தரப்பு. 1980களிலிருந்து தமிழகத்தில் வலுப்பெற்ற தவ்ஹீத் பிரச்சாரம் தர்காச் சடங்குகளைப் பற்றி எழுப்பிய வினாக்கள் புறந்தள்ளத்தக்கவை அல்ல. எனினும் சடங்கின் மீது எழுந்த ஐயம் நாளடைவில் இலக்கியத்தின் மீதும் படர்ந்தது. சீறாப்புராணத்தையும் குணங்குடியார் பாடல்களையும் ஐயத்தோடு நோக்கும் ஒரு தலைமுறை இன்று நம்மிடையே இருக்கிறது.

மூன்று தரப்பும் தம்முள் பகைத்துக்கொண்டாலும் ஒரே அடித்தளத்தில்தான் நிற்கின்றன. வடிவம் ஒன்றாயின் பொருளும் ஒன்று என்பதே அந்த அடித்தளம். அது உறுதியானதுதானா?

திருமறை தரும் முன்மாதிரி

இவ்வினாவுக்கு விடை தேட நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. சமயச் சின்னம் என்னும் கருத்தைக் குறிக்கத் திருக்குர்ஆனே ஒரு சொல்லைத் தருகிறது: ஷஆயிர். அல்பகரா அத்தியாயத்தின் 158ஆம் வசனம் சஃபா, மர்வா என்னும் இரு குன்றுகளையும் அல்லாஹ்வின் ஷஆயிர்களில் உள்ளவை என்கிறது. ஹஜ்ஜோ உம்ராவோ செய்வோர் அவற்றினிடையே சுற்றிவருவதில் குற்றமில்லை என்றும் கூறுகிறது. ‘குற்றமில்லை’ என்று சொல்ல வேண்டிய தேவை ஏன் எழுந்தது? அறியாமைக் காலத்தில் இணைவைப்போரும் அதே குன்றுகளுக்கிடையே ஓடினர். அவற்றின் மீது இஸாஃப், நாயிலா என்னும் சிலைகள் இருந்தன என்று விரிவுரை நூல்கள் கூறுகின்றன. எனவே இஸ்லாத்தை ஏற்றவர்கள் அங்கே செல்லத் தயங்கினர். அத்தயக்கத்தை நீக்கவே வசனம் அருளப்பட்டது.

இங்கே நிகழ்ந்ததைக் கூர்ந்து நோக்க வேண்டும். குன்று மாறவில்லை; நடையும் மாறவில்லை. சிலைகள் அகற்றப்பட்டன, அன்னை ஹாஜர் (அலை) அவர்களின் தவிப்பும் நம்பிக்கையும் அந்நடையின் பொருளாக மீட்கப்பட்டன. ஒரே செயல் வேறொரு வாக்கியத்துக்குள் வந்து அமர்ந்தது. குறியீடு என்பது தனிச்சொல் போன்றது. அது எந்த வாக்கியத்தில் நிற்கிறதோ அந்த வாக்கியமே அதன் பொருளை முடிவு செய்கிறது.

ஹஜருல் அஸ்வதை முத்தமிட்ட உமர் (ரலி) அவர்கள், அது நன்மையோ தீமையோ செய்ய இயலாத ஒரு கல் என்பதைத் தாம் அறிந்திருப்பதாகவும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முத்தமிட்டதைக் கண்டிராவிட்டால் தாம் முத்தமிட்டிருக்கப் போவதில்லை என்றும் கூறியதாக வரும் அறிவிப்பு புகாரி முதலிய தொகுப்புகளில் உள்ளது. கல்லுக்கு அளிக்கப்படும் முத்தம் புறத்தே நின்று பார்ப்பவருக்குக் கல் வழிபாடாகவே தோன்றும். உமர் (ரலி) அந்த முத்தத்துக்குரிய வாக்கியத்தை உரக்கச் சொல்லிவிடுகிறார். அவ்வாக்கியத்தில் எழுவாய் கல் அன்று, நபிவழி.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். சஃபாவும் மர்வாவும் இப்ராஹீம் (அலை) அவர்களின் மரபைச் சேர்ந்தவை. இடையில் மாசுபட்டுப் பின்னர் மீட்கப்பட்டவை. இந்தியச் சமயங்களின் குறியீடுகளை அவற்றோடு ஒப்பிடலாமா என்று கேட்கலாம். நியாயமான வினாவே. வணக்கத்தின் வடிவங்கள் திருமறையாலும் நபிவழியாலும் மட்டுமே வகுக்கப்படுகின்றன. எந்தச் சடங்கையும் உள்ளே கொண்டுவர இவ்வசனம் உரிமம் தரவில்லை. நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்வது அனுமதியை அன்று. வாசிப்பு நெறியை மட்டுமே. பிறரும் கையாண்டது என்ற ஒன்றை மட்டும் வைத்து ஒரு வடிவத்தின் பொருளைத் தீர்மானிக்க இயலாது என்பதே அந்நெறி.

மொழியைப் பொறுத்தவரை இந்நெறி இன்னும் தெளிவாகச் செயல்படுகிறது. ‘அல்லாஹ்’ என்னும் சொல்லை நபித்துவத்துக்கு முன்பே மக்கத்து மக்கள் வழங்கினர். நாயகம் (ஸல்) அவர்களின் தந்தையார் பெயரே அப்துல்லாஹ். தமிழில் நாம் நாள்தோறும் வழங்கும் சொற்களை எண்ணிப் பார்ப்போம். ‘பள்ளி’ சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்தைக் குறித்த சொல். ‘நோன்பு’ சமணர்க்கும் வைணவர்க்கும் உரியதாக இருந்த சொல். ‘தொழுகை’ எல்லாத் தெய்வங்களின் முன்னும் கைகூப்பியவர்களின் சொல். பள்ளிவாசலுக்குச் சென்று தொழுது நோன்பு திறக்கும் தமிழ் முஸ்லிம் எவரும் இச்சொற்களால் தம் ஈமானுக்கு ஊறு நேர்ந்ததாகக் கருதுவதில்லை. சொற்கள் புதிய வாக்கியத்துக்குள் முழுமையாகக் குடியேறிவிட்டன.

இரண்டு முன்னோடிகள்

இந்தியச் சமயங்களை ஊன்றிக் கற்ற முஸ்லிம் அறிஞருள் இருவரை இங்கு ஒப்பிடுதல் பயன்தரும். கி.பி. 1030 அளவில் ‘கிதாபுல் ஹிந்த்’ எழுதிய அல்பிரூனி வடமொழி கற்றவர். இந்துக்களின் கொள்கையை அவர்கள் கூறும் முறையிலேயே எடுத்துரைப்பது அவருடைய நெறி. சிலைகளைப் பற்றிய இயலில், அவை பாமர மக்களின் பொருட்டு எழுப்பப்பட்டவை என்றும், மெய்யறிவை நாடுவோர் கடவுளையன்றிப் பிறிதொன்றை வணங்குவதில்லை என்றும் வேறுபடுத்திக் காட்டுகிறார். அத்தோடு நில்லாமல், நபியவர்களின் உருவமோ கஅபாவின் உருவமோ தீட்டப்பட்ட படத்தைக் கல்லாத முஸ்லிம் ஒருவரிடம் காட்டினால் அவரும் மகிழ்ச்சி மேலீட்டால் அதனை முத்தமிடுவார் என்கிறார். புலனுக்கு எட்டுவதைப் பற்றிக்கொள்ளும் இயல்பு மானிடப் பொதுமை என்பதை அவர் ஒப்புகிறார். அதனால் இரண்டு கொள்கைகளும் ஒன்று என்ற முடிவுக்கு அவர் செல்லவில்லை.

1655இல் ‘மஜ்மவுல் பஹ்ரைன்’ எழுதிய இளவரசர் தாரா ஷிகோ வேறு வழியில் சென்றார். இரு கடல்களின் சங்கமம் என்று பொருள்படும் அந்நூலில் சூஃபியரின் கலைச்சொற்களும் இந்துத் தத்துவத்தின் கலைச்சொற்களும் இணையிணையாக வைக்கப்படுகின்றன. பிரம்மா, விஷ்ணு, மகேசுவரன் ஆகிய மூவரும் ஜிப்ரயீல், மீக்காயீல், இஸ்ராஃபீல் (அலை) என்னும் வானவர்களுக்கு ஈடாக்கப்படுகின்றனர். தாராவின் உள்ளத் தூய்மையையும் உபநிடதங்களைப் பாரசீகத்தில் பெயர்த்த அவருடைய உழைப்பையும் நாம் மதிக்கிறோம். ஆயினும் இந்த ஈடு யாருக்கு நியாயம் செய்கிறது? வானவர் படைக்கப்பட்ட பணியாளர். மகேசுவரன் சைவருக்கு முழுமுதற்பொருள். இந்த ஒப்பீட்டில் சைவர் தம் இறைவனை இழக்கிறார். முஸ்லிம் தம் வானவரை இழக்கிறார். இருவரையும் நெருக்கமாக்க முயன்ற பட்டியல், இருவருடைய கூற்றையும் அழித்துவிடுகிறது. பட்டியலிடுவோர் பலர் தாராவின் வழியில் செல்கின்றனர்; நமக்குத் தேவை அல்பிரூனியின் பொறுமை.

பிறையும் வலமும்

இவ்வளவுகோலைக் கொண்டு சில குறியீடுகளை நோக்கலாம். பிறையைப் பற்றி நீண்டு பேச வேண்டியதில்லை. தக்கனின் சாபத்தால் தேய்ந்த திங்கள் சிவனிடம் அடைக்கலம் புக, அவன் அதனைத் தன் சடையில் ஏற்றான் என்கிறது புராணம். அங்கே பிறை அபயத்தின் அடையாளம். திருக்குர்ஆனில் பிறைகள் மனிதர்க்கும் ஹஜ்ஜுக்கும் காலம் காட்டுபவை (2:189). கதிரவனும் திங்களும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளுள் உள்ளவை, அவற்றுக்குச் சிரம் பணியலாகாது (41:37). இஸ்லாத்தில் பிறை ஒரு நாட்காட்டி. அது சமயச் சின்னமாக உலகெங்கும் பரவியதில் பெரும்பங்கு உதுமானியப் பேரரசின் கொடிக்கு உரியது. இறைவசனத்துக்கு அதில் பங்கில்லை.

சுற்றிவருதலிலும் வேறுபாடு உண்டு. கோயிலை வலம் வருபவருக்குக் கருவறை வலப்புறம் அமையும். தவாஃப் செய்பவருக்குக் கஅபா இடப்புறம் அமையும். கருவறையில் எழுந்தருளியுள்ள மூர்த்தத்தில் இறைவன் தன்னைப் பக்தனுக்கு எளியவனாக்கித் தருகிறான் என்பது வைணவத்தின் அர்ச்சாவதாரக் கொள்கை. ஹிஜ்ரி 8இல் மக்கா வெற்றியின்போது சிலைகள் அகற்றப்பட்ட கஅபாவினுள்ளோ வணங்கத்தக்கதென எதுவும் இல்லை. அது திசையை ஒருமுகப்படுத்தும் இல்லம். எனினும் இந்துச் சமயம் முழுவதையும் உருவ வழிபாடு என்று ஒரு சொல்லில் அடக்குவதும் பிழையாகும். சிதம்பரத்தில் திரைக்குப் பின்னால் காட்டப்படுவது வெளியே. சித்தர் பாடல்களில் கல்லை வணங்குவதை எள்ளும் குரல் ஒலிக்கிறது. எதிர்த்தரப்பின் சிறந்த கூற்றோடு ஒப்பிடுவதே ஒப்பீட்டுக்கு அழகு.

விளக்கு என்னும் குறியீடு

ஒளியே இரு மரபுகளும் மிக ஆழமாகச் சந்திக்கும் இடம். பொய்கையாழ்வாரின் முதல் திருவந்தாதி நிலத்தையும் கடலையும் கதிரவனையும் ஒரு விளக்காக்கும் பேரளவான கற்பனையோடு தொடங்குகிறது. பூதத்தாழ்வார் அதே விளக்கைத் தம் உள்ளத்துக்குள் கொண்டுசென்று அன்பைக் கொண்டு ஏற்றுகிறார். இவ்விரு பாடல்களிலும் ஏற்றுபவர் பக்தர். விளக்கு இறைவனை நோக்கிச் செல்லும் காணிக்கை.

அந்நூர் அத்தியாயத்தின் 35ஆம் வசனத்தில் வரும் விளக்கு மாடத்தில் இருக்கிறது, கண்ணாடிக்குள் இருக்கிறது, கண்ணாடி விண்மீன் போல் மின்னுகிறது. கீழ்த்திசைக்கும் மேற்றிசைக்கும் உரியதல்லாத ஒலிவ மரத்தின் எண்ணெய், நெருப்புத் தீண்டாத நிலையிலேயே சுடர்விடும் தறுவாயில் உள்ளது. இங்கே மனிதர் எவரும் விளக்கேற்றவில்லை. ஒளி மேலிருந்து வருகிறது. தான் நாடியவரை அல்லாஹ் அதன்பால் செலுத்துகிறான். மேலும் இது மனிதர்க்காகக் கூறப்படும் உவமை என்பதை அவ்வசனமே சொல்லிவிடுகிறது. குறியீட்டைத் தந்த கையே அதற்கு வேலியையும் இட்டிருக்கிறது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ‘மிஷ்காத்துல் அன்வார்’ நூலில் மாடம், கண்ணாடி, விளக்கு, மரம், எண்ணெய் ஆகிய ஐந்தையும் மனித ஆன்மாவின் ஐந்து ஆற்றல்களாக விளக்கியபோது அவ்வேலிக்குள் நின்றே விளக்கினார்.

வடலூரில் 1872இல் இராமலிங்க அடிகள் அமைத்த சத்திய ஞானசபையை இதனோடு ஒப்பிடத் தோன்றும். அங்கே சிலை இல்லை. சோதி மட்டுமே உண்டு. இக்காரணத்தால் வள்ளலாரை இஸ்லாத்துக்கு நெருங்கியவராகக் கருதுவோர் பலர். சோதியின் முன் ஏழு திரைகள் உள்ளன. அவை மறைப்பின் படிநிலைகளைக் குறிப்பன. தைப்பூசத்தன்று ஏழும் விலக்கப்பட்டு ஒளி காட்டப்படுகிறது. நம் மரபிலும் திரை உண்டு. இறைவனின் திரை ஒளியே என்றும், அதனை அவன் விலக்கினால் அவன் திருமுகத்தின் பேரொளி படைப்பினங்களை எரித்துவிடும் என்றும் நபிமொழி கூறுகிறது. கஸ்ஸாலி (ரஹ்) எழுபது திரைகளைப் பற்றிய அறிவிப்பை எடுத்துக்கொண்டு விரிவாக ஆராய்கிறார். இரண்டு இடத்திலும் ஒளி. இரண்டு இடத்திலும் திரை. ஆனால் வடலூரில் திரை விலகுவது அருள். நபிமொழியில் இவ்வுலகில் திரை விலகாதிருப்பதே அருள். ஒற்றுமை இவ்வளவு நெருங்கி வந்த பின்னரே வேற்றுமை தன் முழு அழகோடு வெளிப்படுகிறது. ‘எல்லாம் ஒளிதானே’ என்று சொல்லிக் கடந்து செல்பவர் வள்ளலாரையும் கேட்கவில்லை, நபிமொழியையும் கேட்கவில்லை.

உமறுப் புலவரின் அவதாரம்

இனி நம் சொந்த இலக்கியத்துக்கு வருவோம். உமறுப் புலவரின் சீறாப்புராணம் விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து என்னும் மூன்று காண்டங்களும் 5027 விருத்தங்களும் கொண்டது. அதில் நாயகம் (ஸல்) அவர்களின் பிறப்பைக் கூறும் பகுதியின் பெயர் நபியவதாரப் படலம். ‘அவதாரம்’ என்ற சொல்லைக் கண்டவுடன் ஒரு சாரார் இராமாவதாரத்தோடு இணைத்து மகிழ்கின்றனர்; மற்றொரு சாரார் ஷிர்க்கின் வாடை என்று முகம் சுளிக்கின்றனர். இரு சாராரும் படலத்தின் பெயரை மட்டும் படித்தவர்கள். படலங்களின் வரிசையைப் படிக்காதவர்கள்.

காப்பியம் கடவுள் வாழ்த்தோடு தொடங்குகிறது. நாட்டுப் படலமும் நகரப் படலமும் அடுத்து வருகின்றன. அதன்பின் தலைமுறைப் படலம். ஆதம் (அலை) அவர்களிலிருந்து அப்துல்லாஹ் வரை நபியொளி வழிவழியாக இறங்கி வருவதை அது உரைக்கிறது. அதற்கு அடுத்ததே அவதாரப் படலம். வைணவத்தில் அவதாரம் என்பது இறைவன் தானே உலகில் இறங்குதல். உமறுவிடம் இறங்கி வருவது படைக்கப்பட்டதோர் ஒளி. அது இறங்கும் ஏணி மனிதத் தலைமுறை. தந்தை பெயர் உண்டு. பாட்டன் பெயர் உண்டு. சுமந்த தாயின் பெயர் உண்டு. பெற்றோரின் பெயர்கள் இராமனுக்கும் உண்டு எனலாம். ஆனால் இராமகாதையில் அம்மரபுக்குள் புகுபவன் திருமால். சீறாவில் அம்மரபுக்குள் இறைவன் புகுவதே இல்லை. நபியொளி பற்றிய அறிவிப்புகளின் தரத்தைக் குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது தனி ஆய்வுக்குரியது. ‘அவதாரம்’ என்னும் சொல்லின் பழைய பொருள் நுழைய முடியாதவாறு அதன் முன்னே ஒரு தலைமுறைப் பட்டியலைக் காவல் நிறுத்திய புலவரின் விழிப்பே இங்கு நம் கவனத்துக்கு உரியது.

நாட்டுப் படலத்தில் மழை பொழிகிறது, ஆறு பெருகுகிறது, வயல் விளைகிறது. அரபு நாட்டில் ஏது ஆறு என்று கேட்போர் உண்டு. கம்பர் கோசலத்தைப் பாடிய முறையிலேயே உமறு அரபகத்தைப் பாடினார். மருதத்தின் செழிப்பு தமிழ்க் காப்பிய மரபில் அறம் நிலைபெற்ற நாட்டின் குறியீடு. நிலநூல் தரும் செய்தியாக அதனைக் கொள்வது பிழை. அக்குறியீட்டைக் கையாளாமல் மக்காவின் மாண்பைத் தமிழ்ச் செவிக்கு உணர்த்த அவருக்கு வேறு வழி இருந்திருக்காது. மார்க்க மேதை சதக்கத்துல்லாஹ் அப்பாவின் வழிகாட்டலோடு தொடர்புபடுத்தியே மரபு இக்காப்பியத்தின் தோற்றத்தைக் கூறுகிறது. 1842இல் இதனை முதன்முதலில் அச்சேற்றிய ஷைகு அப்துல் காதிறு நெயினார் லெப்பையும் ஓர் ஆலிமே. தவ்ஹீதை நன்கறிந்தவர்களின் கைகளில் வளர்ந்த நூல் இது என்பதை மறந்துவிடலாகாது.

குணங்குடியாரின் மனோன்மணி

குணங்குடி மஸ்தான் சாகிபிடம் (1792-1838) வாசிப்பு இவ்வளவு எளிதாக முடிவதில்லை. சைவத்தில் சக்தியின் பெயராக வழங்கும் ‘மனோன்மணி’யை அவர் தம் காதலியாக விளித்து ஒரு கண்ணி முழுவதும் பாடுகிறார். பெயர் சைவத்துடையது என்பதில் ஐயமில்லை. எனினும் காதலின் இலக்கணத்தைக் கவனிக்க வேண்டும். தமிழ்ப் பக்தி மரபில் நாயகி பாவத்தில் பாடும்போது உயிர் பெண், இறைவன் ஆண். ஆண்டாளும் பராங்குச நாயகியாகப் பாடிய நம்மாழ்வாரும் அவ்வாறே பாடினர். குணங்குடியாரிடம் தேடுபவன் ஆண். தேடப்படும் மெய்ப்பொருள் பெண். இது லைலாவைத் தேடிய மஜ்னூனின் இலக்கணம்; இப்னு அரபி (ரஹ்) தம் ‘தர்ஜுமானுல் அஷ்வாக்’ கவிதைகளில் கையாண்ட இலக்கணம். சொல் தமிழ்ச் சைவத்திலிருந்து வருகிறது. வாக்கிய அமைப்பு சூஃபி மரபிலிருந்து வருகிறது. அவரைச் சித்தர் வரிசையில் மட்டும் வைப்போர் இரண்டாவதைக் காணத் தவறுகின்றனர். அவரை விலக்குவோர் முதலாவதை மட்டுமே காண்கின்றனர். முகியித்தீன் சதகம் பாடியவரும் இவரே என்பதை இரு சாராரும் சேர்த்து எண்ண வேண்டும்.

உமறுவைப் போலக் குணங்குடியார் எல்லா இடத்திலும் காவல் நிறுத்திச் செல்லவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். காப்பியப் புலவர் அவைக்குப் பாடுகிறார். பக்கீர் தம் நிலையைப் பாடுகிறார். பரவச நிலையில் வெளிப்படும் கூற்றுகளை ‘ஷத்ஹிய்யாத்’ என்று தனியே வகைப்படுத்தி, அவற்றைக் கொள்கையாக எடுத்துக்கொள்ளாமலும், சொன்னவரை எளிதில் தள்ளிவிடாமலும் ஆராயும் ஒரு முறை நம் அறிஞர்களிடம் முன்பே இருந்தது. குணங்குடியாரின் சில பாடல்கள் அம்முறையிலேயே வாசிக்கப்பட வேண்டியவை.

நூலிலிருந்து நடைமுறைக்கு

சடங்குகளில் பொருளை ஆராய்வது இன்னும் கடினம். அங்கே படல வரிசை இல்லை. நாகூர் தர்காவின் 131 அடி உயரப் பெரிய மினாராவை எழுப்பியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங். கந்தூரியின் கொடியும் சந்தனக்கூடும் இரு சமயத்தாரையும் ஈர்க்கின்றன. அங்கு நிற்கும் ஒருவர் அல்லாஹ்விடம் கேட்கிறாரா, அடக்கம் செய்யப்பட்டவரிடம் கேட்கிறாரா என்பதே தீர்மானிக்கும் வினா. செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்னும் நபிமொழியின்படி நிய்யத்தே செயலின் வாக்கியம். அதே வேளையில், நல்லெண்ணம் மட்டுமே விலக்கப்பட்டதை ஆகுமாக்கிவிடாது என்பது ஃபிக்ஹின் நிலைப்பாடு. எனவே கொடியின் வடிவம் கோயிலை ஒத்திருக்கிறது என்பது கண்டனத்துக்குரிய காரணமும் ஆகாது. நல்லிணக்கம் விளைகிறது என்பது அங்கு நிகழும் எல்லாவற்றுக்கும் சான்றிதழும் ஆகாது. யாரிடம் வேண்டப்படுகிறது என்ற வினாவைக் கொடிமரம் தீர்த்துவைக்காது.

பொதுக் குறியீடு என்பது இரு சமயங்களின் பொதுச் சொத்து என்பதைவிடப் பொது அகராதி என்பதே பொருத்தம். ஒரே அகராதியிலிருந்து இருவர் இரு வேறு உண்மைகளைப் பேச முடியும். ஒருவர் பேசுவது மற்றவருக்கு விளங்கவும் செய்யும். அகராதி ஒன்று என்பதற்காகப் பேச்சும் ஒன்று என்று சொன்னால் இருவரும் ஊமையாவர். அகராதி பிறருடையது என்று வீசியெறிந்தால் நாம் மட்டும் ஊமையாவோம். 5027 விருத்தங்களும் அவற்றோடு போகும்.

ஆகவே நம் முன் உள்ள பணி தெளிவானது. சீறாப்புராணத்தையும் குணங்குடியார் பாடல்களையும் அரபுக் கல்லூரி மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் ஒருசேரக் கற்க வேண்டும். முன்னவரிடம் வாக்கியத்தைக் காணும் கண் இருக்கிறது. பின்னவரிடம் சொல்லின் வரலாற்றைக் காணும் கண் இருக்கிறது. ‘அவதாரம்’, ‘மனோன்மணி’ போன்ற சொற்களுக்கு இரு மரபின் பொருளையும் தந்து, காப்பியத்தில் அது நிற்கும் பொருளையும் விளக்கும் உரைகள் வெளிவர வேண்டும். சஃபாவின் அடிவாரத்தில் தயங்கி நின்றவர்களின் அச்சம் ஈமானிலிருந்து எழுந்தது. அதனை எவரும் இகழவில்லை. அவர்களுக்கு வந்த விடை, குன்றை அகற்றுங்கள் என்பதாக இருக்கவில்லை. அதனிடையே எவ்வாறு நடப்பது என்பதையே அது கற்பித்தது. நம் இலக்கியத்தின் முன் தயங்கி நிற்கும் இளைய தலைமுறைக்கு நாம் தரவேண்டிய விடையும் அதுவே.